கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட நான்கு கிதார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்விலை அக்கூஸ்டிக் கிதார்களை ஒப்பிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு, இரண்டாம் முறை சிவப்புப் பென்சிலோடு. கட்டுரையாளர் ஒரே பிற்பகலில் ஒன்பது கிதார்களை வாசித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டிருக்கிறார். விலை ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறுகிறது. ஒன்றுகூட வரிசை பிசகவில்லை. நான் 31 ஆண்டுகள் செவித்திறன் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இவ்வளவு ஒழுங்கான முடிவை ஒரு நோயாளி எனக்குக் கொடுத்திருந்தால், இவர் காதால் கேட்டுச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்றுதான் முதலில் ஐயப்பட்டிருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. செவிச் சோதனையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுரத்தையும் படிப்படியாகத் தணித்துக்கொண்டே போவோம். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் தவறாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். காது நன்றாக இருக்கிறது என்று எழுதப் போனேன். என் மேலதிகாரி வந்து, ஒன்றும் பேசாமல், என் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அதன் பிறகு பாதிச் சுரங்களுக்குப் பெரியவரின் விரல் அசையவில்லை. நான் கருவியைத் தொடும்போது என் தோள் அசைவதைப் பார்த்துத்தான் அவர் அழுத்தியிருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை. கேட்டதாகவே மனதார நம்பினார். அன்றிலிருந்து நடுநடுவே ஒலியே இல்லாத இடைவெளிகளைச் செருகப் பழகினேன். சும்மா இருக்கும்போதும் விரல் அழுத்தினால், அது காதின் வேலை அல்ல.

கிதார் வாங்கப் போகிறவரும் அந்தப் பெரியவரைப் போலத்தான். தலைப்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர், ஓரங்களில் பதித்த சிப்பி வேலைப்பாடு, தொங்கும் விலைச்சீட்டு எல்லாம் தோளை அசைத்துக்கொண்டே இருக்கின்றன.

ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. 45 வயதில் கிதார் கற்றுக்கொள்ளத் தொடங்கிய நான், முதல் உயர்விலைக் கிதாரை முழுக்க முழுக்கக் கண்ணாலும் பிறர் கையாலும் வாங்கினேன். மரத்தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட கடை. விற்பனையாளர் தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கில் கனமான ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்தார், நான் எதிரே உட்கார்ந்து உருகினேன். வீட்டுக்கு வந்து மடியில் வைத்து விரலால் மீட்டினால், யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. பெட்டிக்குள் வேறு கிதாரை மாற்றி வைத்துவிட்டார்களோ என்றுகூட வரிசை எண்ணைச் சரிபார்த்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. கிதார் தன் ஒலியை முன்பக்கமாக அனுப்புகிறது. எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது வேறு, மேலிருந்து குனிந்து வாசிப்பவருக்குக் கிடைப்பது வேறு. அங்கே புதுத் தந்தி, இங்கே மெத்தையும் திரைச்சீலையும். ஒலியைப் பற்றியே 31 ஆண்டுகள் சம்பளம் வாங்கியவளுக்கு இது அப்போது உறைக்கவில்லை. 14 மாதங்கள் கழித்து அதை விற்றேன். அந்தக் கிதாரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஆகையால் அதன் பெயரைச் சொல்லவில்லை.

தங்கள் கட்டுரையில் மதிப்பெண்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லவே இல்லை. ஒவ்வொரு கிதாரிலும் என்ன தந்தி இருந்தது, அது எத்தனை நாள் பழசு? கடையில் மாதக்கணக்கில் தொங்கும் கிதாரில் நூறு பேரின் கை வியர்வை ஏறியிருக்கும். நேற்று மாட்டிய தந்தி எந்தக் கிதாரையும் பளிச்சென்று பேச வைக்கும். ‘லைட்’ எனப்படும் 12-53 தொகுதிக்கும் ‘மீடியம்’ எனப்படும் 13-56 தொகுதிக்கும் இடையே இழுவிசையே மாறிவிடுகிறது (எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). தந்தியின் உலோகத்திலும் பாஸ்பர் பிரான்ஸ் சற்று வெதுவெதுப்பாகவும், 80/20 பிரான்ஸ் தொடக்கத்தில் கூர்மையாகவும் ஒலிக்கும். இவை கலந்து கிடக்கும்போது, கட்டுரையாளர் கிதார்களை ஒப்பிட்டாரா, தந்திகளை ஒப்பிட்டாரா?

அடுத்தது ஒலியின் வலிமை. இது என் தொழில் சங்கதி என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது அடிச்சுரங்களைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. வலிமை கூடக்கூட அடிச்சுரங்கள் நிறைந்து கேட்கின்றன என்று அதில் காட்டினார்கள். இதன் விளைவு கிதார் கடையில் தினமும் நடக்கிறது. இரண்டு கிதார்களில் ஒன்றைக் கொஞ்சம் பலமாக வாசித்தால் போதும், அது ‘ஆழமானது’, ‘செழுமையானது’ என்று தோன்றிவிடும். ‘பலமாக இருக்கிறது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘நன்றாக இருக்கிறது’ என்பார்கள். விலையுயர்ந்த கிதாரை எடுத்ததும் கை தானாகவே ஊக்கமாக வீசுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளே நிற்கும் என்பதும் உண்டு. முதல் கிதாரை மதியம் இரண்டு மணிக்கும் ஒன்பதாவதை ஐந்தரைக்கும் வாசித்தவர் ஒப்பிட்டது, ஒலியையும் ஒலியையும் அல்ல. ஒலியையும், அதைப் பற்றித் தானே முன்பு எழுதி வைத்த பெயரடையையும்.

சரி, குறை சொல்வது எளிது, நீ செய்து காட்டு என்று தாங்கள் கேட்கலாம். செய்து பார்த்தேன்.

நண்பர்களிடமிருந்து நான்கு கிதார்கள் இரவல் கிடைத்தன. எல்லாமே எவரும் பெருமூச்சு விடும் விலையில் உள்ளவை. தயாரித்தவர்களின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயரைச் சொன்னால் இந்தக் கடிதத்தில் வாசகர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள். ஒன்று, சிட்கா ஸ்புரூஸ் மேற்பலகையும் ஈட்டி மரப் பின்பலகையும் கொண்ட ட்ரெட்நாட், அதாவது அகன்ற இடையுள்ள பெரிய உடல் வகை. இரண்டாவது, அதே உருவத்தில் மஹாகனியில் செய்தது. மூன்றாவது, தோள் சரிந்த உடலும் குறுகிய தந்தி நீளமும் கொண்டது. நான்காவது சிறிய உடல், சிடார் மேற்பலகை, வால்நட் பின்பலகை. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மட்டுமே செய்யும் தனியொரு கைவினைஞரின் வேலை.

நான்குக்கும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து, ஒரே 12-53 தந்திகளை மாட்டினேன். 24 தந்திகள். மூன்றாவது கிதாரின் முதல் தந்தி சுருண்டு வந்து என் கட்டைவிரலில் ஏறியது தனிக்கதை. ஒரு நாள் முழுவதும் விட்டு, மறுபடி சுருதி சேர்த்து, அறையின் ஈரப்பதத்தைப் பார்த்தேன்: 48 சதவீதம். கிதார்களுக்கு 45 முதல் 55 சதவீதம் வரை ஏற்றது. வறண்டால் மேற்பலகை உள்வாங்கும், மெட்டுகளின் நுனி கையைக் கீறும். ஈரம் மிகுந்தால் பலகை உப்பி, தந்தி உயர்ந்து, ஒலி மந்தமாகும். (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட் என்பதற்கு வீணைக்காரர்கள் சொல்லும் ‘மெட்டு’ என்ற நல்ல சொல் இருக்கிறது, நான் அதையே எழுதுவேன்.) காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியையும் ஒரு சிறு கண்ணாடியையும் கொண்டு நான்கின் வயிற்றுக்குள்ளும் பார்த்தேன். உள்சட்டங்கள் எதுவும் ஒட்டு விட்டிருக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கருவிக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

சோதனையை நடத்தும் பொறுப்பு என் அண்ணன் மகளுக்கு. அவளுக்கு வயது 23. நான் வேலை பார்த்த காலத்தில் பள்ளி விட்டு வந்து என் சோதனை அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். என் உத்திகள் அத்தனையும் அவளுக்குத் தெரியும் என்பதை நான் மறந்திருந்தேன். அன்று காலை, “அத்தை, என் தோழி இன்னும் இரண்டு கிதார்கள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தந்தியும் மாற்றிவிட்டேன். மொத்தம் ஆறு” என்றாள். கண்ணைக் கட்டினாள். சிடார் மரத்துக்கு ஒரு வாசனை உண்டு, புது வார்னிஷுக்கு இன்னொன்று. மூக்கு காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று என் மேலுதட்டில் தைலம் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். முதலில் நான் வாசிக்க வேண்டும், பிறகு அவள் வாசிக்க நான் ஆறடி தள்ளி எதிரே உட்கார வேண்டும். இருவருக்கும் அதே மூன்று கார்டுகள் (பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கூட்டுகள்), அதே மெல்லிய பிக். கண்கட்டோடு எழுத முடியாதாகையால் என் கருத்துகளைக் கைபேசியில் சொல்லிப் பதிவு செய்தேன். அந்தப் பதிவு இப்போதும் இருக்கிறது. இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவதாக வந்த கிதாரைப் பற்றி நான் சொன்னது: “அடிச்சுரம் நிறைவாக இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே எழுந்து நிற்கிறது. அவசரப்படாத கிதார்.” ஐந்தாவதைப் பற்றிச் சொன்னது: “அடி கலங்கலாக இருக்கிறது. கார்டு வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இது தோழியின் கிதார்தானே? நல்லவேளை, நாம் வாங்கவில்லை.”

இரண்டும் ஒரே கிதார். ஈட்டிப் பலகை ட்ரெட்நாட். தோழியும் இல்லை, தோழியின் கிதாரும் இல்லை. நான் நோயாளிகளுக்கு இடையில் செருகிய ஒலியில்லாத இடைவெளியை, அண்ணன் மகள் எனக்கே செருகிவிட்டாள். கண்கட்டை அவிழ்த்ததும் அவள் சிரிக்கக்கூட இல்லை, அந்த மேலதிகாரி என் நாற்காலியைத் திருப்பிய அதே முகத்தோடு நின்றாள்.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்தேன். நான்காவதாக வந்தது மஹாகனி ட்ரெட்நாட். மஹாகனியில் அடிப்படைச் சுரம் முன்னே வரும், அதோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களின் எதிரொலிப்புகள் அடங்கி இருக்கும், கார்டு வறட்சியாகவும் தெளிவாகவும் கேட்கும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அடுத்து வந்த ஈட்டியின் மிகுந்த எதிரொலிப்பு கலங்கலாகப் பட்டிருக்கிறது. மூன்றாவதாக வந்தபோது அதற்கு முன்னால் மெலிந்த ஒலியுள்ள கிதார் இருந்தது, அதனால் அதே எதிரொலிப்பு செழுமையாகப் பட்டது. இருபது நிமிட வாசிப்பில் காதும் கொஞ்சம் களைத்திருக்கும். கிதார் மாறவில்லை. எனக்கு முன்னால் என்ன இருந்தது என்பது மாறியது.

இதில் நான் மட்டும் முட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள், பெரிய துணை இருக்கிறது. 2010இல் இண்டியானாபொலிஸ் வயலின் போட்டியின்போது கிளாடியா ஃப்ரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் ஒரு ஓட்டல் அறையில் 21 வயலின் கலைஞர்களுக்கு மங்கிய ஒளியில் பார்வையை மறைக்கும் கண்ணாடி மாட்டி, மூன்று புதிய வயலின்களையும் மூன்று பழம்பெரும் இத்தாலிய வயலின்களையும் கொடுத்தார்கள். பழமையின் வாசனை தெரியாமல் இருக்க மோவாய் வைக்கும் இடத்துக்கு அடியில் வாசனைத் திரவியம்கூடத் தொட்டு வைத்தார்கள். மிகுதியும் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது அந்தப் பழைய வயலின்களில் ஒன்றான ஒரு ஸ்ட்ராடிவாரி. கிதாருக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் மாறிய ஆறு கிதார்களை ஒரே கைவினைஞரிடம் செய்யச் சொல்லி, 52 கிதார் கலைஞர்களுக்கு வெல்டிங் வேலைக்காரர்களின் கண்ணாடியை மாட்டி வாசிக்கச் செய்தார்கள். 2018இல் முடிவு வெளியாயிற்று. பிரேசில் ரோஸ்வுட்டும், அதைவிட மிக மலிவான மரங்களும் ஏறக்குறைய ஒரே தரத்தைப் பெற்றன.

இதை வைத்துக்கொண்டு எல்லாக் கிதாரும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவோரும் இருக்கிறார்கள். அது அடுத்த கிறுக்கு. அந்தச் சோதனையில் மாறியது பின்பலகையும் பக்கப்பலகையும்தான். ஒலியின் பெரும்பகுதியைத் தருவது மேற்பலகையும் அதன் அடியில் ஒட்டிய சட்டங்களும். மூன்று மில்லிமீட்டருக்கு முன்பின்னான கனமுள்ள ஒரு பலகை, 70 கிலோவுக்கும் மேற்பட்ட தந்தி இழுவிசையைத் தாங்கவும் வேண்டும், விரல் பட்டால் அதிரவும் வேண்டும். கிதார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் 1840களில் கொண்டுவந்த எக்ஸ் வடிவச் சட்டம் இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் இன்றுவரை பயன்படுகிறது. சட்டங்களின் நடுவைச் செதுக்கி மெலிதாக்கினால் பலகை இளகி அடிச்சுரம் கூடும். டெய்லர் நிறுவனம் 2018இல் தன் சில கிதார்களில் அதை விட்டு வி வடிவத்துக்குப் போனது. ஒரு கிதாரை மற்றொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான், கண்ணுக்குத் தெரியாத வயிற்றுப் பகுதி. தங்கள் கட்டுரை இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. சிப்பி வேலைப்பாட்டுக்கு ஒரு பத்தி.

மரத்தைப் பற்றிய பகுதியில் இன்னொரு சங்கடம். ‘கிழக்கிந்திய ரோஸ்வுட் என்னும் அரிய அயல்நாட்டு மரம்’ என்று எழுதியிருக்கிறார். ஐயா, அது ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். தமிழில் இத்தனை காலமாகப் பெயர் உள்ள மரத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் அயல்நாட்டு மரம் என்று படிக்க வேண்டியதாயிற்று. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969 இறுதிவாக்கில் மார்ட்டின் நிறுவனம் தன் வழக்கமான கிதார்களை ஈட்டிக்கு மாற்றியது. பிரேசில் மரம் 1992இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குப் போய், பன்னாட்டு வணிகம் ஏறக்குறைய நின்றது. 2017இல் ஈட்டி உட்பட அந்தப் பேரினத்தின் மற்ற மரங்கள் எல்லாமே இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட, கிதாரை விற்பதற்காக எல்லை தாண்டி அனுப்புவதே காகித வேலையானது. 2019இல்தான் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் மரத்தின் விலை அதன் ஒலியால் மட்டும் ஏறியதல்ல, இந்தச் சட்டமும் பற்றாக்குறையும் சேர்ந்து ஏற்றியவை.

கட்டுரையில் ஒரு தேதிப் பிழையும் உண்டு. ட்ரெட்நாட் உருவம் 1931இல் பிறந்தது என்கிறார். 1931 அளவில் மார்ட்டின் அதைத் தன் பெயரில் விற்கத் தொடங்கியது உண்மை. ஆனால் 1916லேயே டிட்சன் என்ற இசைக்கருவி விற்பனை நிறுவனத்துக்காக அதைச் செய்துகொடுத்திருக்கிறது. பெயர் 1906இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. இது சின்ன விஷயம்தான். சிவப்புப் பென்சில் கையில் இருந்ததால் சொல்கிறேன்.

இனி, என் சோதனையில் தேறியது எது என்பதைச் சொல்ல வேண்டும். முதலாவதாகவும் ஆறாவதாகவும் வந்ததும் ஒரே கிதார்தான்: அந்தச் சிறிய உடல் சிடார். இந்த முறை என் இரண்டு பதிவுகளும் ஒத்துப்போயின. முதலில் சொன்னது: “தொட்டதும் பேசுகிறது. இரண்டாம் தந்தி பாடுகிறது. பலமாக அடித்தால் அதற்கு மேல் போக மறுக்கிறது. இடது கைக்கு இதம்.” கடைசியில் சொன்னது: “மெல்ல வாசித்தால் எல்லாம் கிடைக்கிறது, ஓங்கி அடித்தால் திணறுகிறது. கை வலிக்கவில்லை.” சிடாரின் குணமே இதுதான். மென்மையான விரலுக்கு உடனே இசையும், ஓங்கி வீசும் பிக்குக்கு ஸ்புரூஸ்தான் தாங்கும். எந்தக் கிதார் என்று தெரியாமலே இதை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்ல முடிந்தது. ‘ஆழம்’, ‘செழுமை’, ‘ஒளிர்வு’ போன்ற சொற்களை நான் எங்கெல்லாம் பயன்படுத்தினேனோ அங்கெல்லாம் என் பதிவுகள் ஒன்றையொன்று மறுத்தன. இந்தக் கிதார் என்ன செய்கிறது, எங்கே மறுக்கிறது, கை எப்படி உணர்கிறது என்று சொன்ன இடங்களில் நின்றன.

கையைப் பற்றிய இந்த விஷயத்தைத் தங்கள் கட்டுரை அரை வரியில் தாண்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என் இடது கட்டைவிரல் மூட்டில் தேய்மானம் இருக்கிறது. தந்தியின் அதிரும் நீளம் ட்ரெட்நாட்டில் வழக்கமாக 25.4 அங்குலம். தோள் சரிந்த மரபுக் கிதார்களில் 24.75 என்பார்கள். முக்கால் அங்குலம்கூட முழுதாக இல்லை. ஆனால் அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடித்து ஒரு முழுப் பாட்டை முடிக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் எனக்கு அந்த 5 சதவீதம்தான் வித்தியாசம். கழுத்தின் அகலமும் அப்படியே: கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் நட் இருக்கும் இடத்தில் 42.9 மில்லிமீட்டரா, 44.5 மில்லிமீட்டரா? ஒன்றரை மில்லிமீட்டர் என்று சிரிக்கலாம். விரலால் தனித்தனித் தந்தியை எடுப்பவர் அந்த ஒன்றரை மில்லிமீட்டரில்தான் குடியிருக்கிறார். பன்னிரண்டாவது மெட்டின் மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். தடித்த தந்திக்கு 2.4, மெல்லியதற்கு 1.6 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. என் சோதனையில் மஹாகனிக் கிதார் 3 மில்லிமீட்டரில் நின்றது. இரவல் கிதாரில் தந்திகளைக் கீழ்முனையில் தாங்கும் சாடிலைத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மஹாகனிக்கு நான் போட்ட குறைந்த மதிப்பில் பாதி அந்த உயரத்தின் மேல் வைத்த கோபம். அதையும் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

மற்றொரு சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், சுற்றிலும் ஆள் இல்லாமல் இருந்தால் நல்லது. கிதாரின் வட்டத் துளைக்கு அருகே வாயை வைத்து, கீழிருந்து மேலாக மெல்ல முனகிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பெட்டி முழுவதும் கூடச் சேர்ந்து முனகும். உள்ளிருக்கும் காற்றின் இயல்பான அதிர்வு அது, ட்ரெட்நாட்டில் 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். (பெண் குரலுக்கு அது எட்டாது. எனக்காக என் அண்ணன் முனகினார், நான்கு கிதார்களுக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டு.) அந்த இடத்துக்கு அருகே விழும் சுரம் மற்றவற்றைவிட வீங்கிக் கேட்கிறதா என்று பார்க்கலாம். கூடவே ஆறு தந்திகளிலும் மெட்டு மெட்டாக ஏறி, எங்காவது சுரம் சட்டென்று செத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம். அலுப்பான வேலை. நான்கு கிதார்களுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் மறுநாள் செய்தபோதும் அதே இடங்களில் அதே சுரங்கள் செத்தன. பெயரடைகளைவிட இது நம்பகமானது.

என் காதைப் பற்றியும் மறைக்கக் கூடாது. போன ஆண்டு என் செவி வரைபடத்தை நானே எடுத்துப் பார்த்தேன். 4000 ஹெர்ட்ஸ் வரை சமதளம், அதற்கு மேல் சரிவு. 61 வயதில் அது வழக்கமானதே. ஆகவே ஒரு கிதாரின் ஒலி ‘வெள்ளிமணிபோல் சிலிர்க்கிறது’ என்று 23 வயதுக்காரி சொல்லும்போது, நான் தலையாட்டுவதற்கு அர்த்தமில்லை; அந்த மணி எனக்கு எட்டுவதே இல்லை. தங்கள் கட்டுரையாளரின் வயதையும் போட்டிருந்தால் அவருடைய ‘ஒளிர்வு’ மதிப்பெண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வரிசையில் இன்னொரு கட்டுரை வரப்போவதாகக் கீழே அறிவித்திருக்கிறீர்கள். அதற்காகச் சில வேண்டுகோள்கள். எல்லாக் கிதாருக்கும் ஒரே தந்தியை, ஒரே நாளில் மாட்டச் செய்யுங்கள். ஒன்பது வேண்டாம், மூன்று போதும், மாறி மாறி வாசிக்கட்டும். வாசிப்பவர் ஒருவர், எதிரே உட்கார்ந்து கேட்பவர் ஒருவர் என்று இரண்டு பேரின் கருத்தையும் தனித்தனியே போடுங்கள், அவை ஒத்துப்போகாவிட்டாலும். தந்தி நீளம், நட் அகலம், தந்தி உயரம் ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் தாருங்கள். விலையைக் கட்டுரையின் கடைசியில் போடுங்கள், முடிந்தால் தலைகீழாக. கண்ணைக் கட்டுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் என் அண்ணன் மகளை அனுப்பி வைக்கிறேன். ஆனால் அவள் எத்தனை கிதார் இருக்கிறது என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம் என்று கட்டுரையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இரவல் வாங்கியவற்றில் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சிறிய சிடார் கிதாரின் உரிமையாளர் வேலையாக வெளியூரில் இருக்கிறார், திரும்பி வர இரண்டு மாதமாகுமாம். அவரும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவித்திறன் பரிசோதகர்